பொற்கொல்லன் சொன்ன மந்திரம்

சிலப்பதிகாரத்தைத் துன்பியல் நாடகமாகக் கொள்ளத் தயங்குவார் காட்டும் தடைகள் பல. அவற்றுள் மாணவர் வாயிலாக யாம் அடிக்கடி கேட்பது ஒன்று. துன்பியலாவது மாந்தன் தன் செயலால் தானே வீழ்வது. சிலம்பிலோ தெய்வமும் பூதமும் கனவும் நிமித்தமும் மலிந்துள்ளன. ஊழின் ஆற்றலை நூற்பயன் மூன்றனுள் ஒன்றாகப் பதிகமே வைத்துவிட்டது. பின்னர் மாந்தன் செய்தற்கு யாது எஞ்சியது என்பர். இங்ஙனம் வினவுவோரே மாக்பெத் நாடகத்தைத் துன்பியலின் தலைசிறந்த எடுத்துக்காட்டு என ஒப்புவர். அந்நாடகமோ இடியும் மின்னலும் சூழச் சூனியக்கிழவியர் மூவர் கூடும் காட்சியோடு தொடங்குகின்றது. கொலையுண்டவன் ஆவி விருந்தில் வந்து அமர்கின்றது. கொதிக்கும் கொப்பரையினின்று உருவங்கள் எழுந்து பேசுகின்றன. ஆங்குக் குற்றமாகாதது ஈங்குக் குற்றமாதல் எங்ஙனம்?

இயற்கை இறந்த கூறுகள் ஒரு நூலில் உளவா இலவா என்னும் வினா பயன் தருவதன்று. அவை எவ்விடத்து வருகின்றன, கேட்டவர் யாது செய்தனர், கதையைக் கொலைக்களத்துக்கு ஈர்த்துச் சென்றவை அவைதாமா என்பனவே ஆராயத் தக்கன. இந்நோக்கில் சிலம்பைப் பயிலுங்கால், களவு நூற் செய்தி என்று விரிவுரையாளர் பலரும் (யாமும் பல்லாண்டு) விரைந்து கடந்த ஒரு பகுதி நூலின் அச்சாணியாக எமக்குத் தோன்றிற்று. அதனைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் மாக்பெத் பற்றிச் சிறிது. வரலாற்று மாக்பெத் 1040இல் டங்கன் மன்னனைப் போரில் வீழ்த்தி அரியணை ஏறியவன். பதினேழு ஆண்டு ஆண்டு 1057இல் மாண்டவன். உறங்கும் முதியவனை விருந்தோம்பிய இல்லில் குத்திக் கொன்ற செய்தி அவன் வரலாற்றில் இல்லை, சூனியக்கிழவியரும் இல்லை. ஏறத்தாழ 1420இல் செய்யுள் வரலாறு யாத்த வின்டவுனின் ஆண்ட்ரூ, மாக்பெத் மூன்று மகளிரைக் கனவில் கண்டதாக எழுதினார். 1527இல் போயிஸ் என்பார் இலத்தீனில் வரைந்த வரலாற்றில் அம்மகளிர் நனவில் எதிர்ப்பட்டனர். ஹாலின்ஷெட் அதனை ஆங்கில வரலாற்றுத் தொகுப்பில் சேர்த்தார். அத்தொகுப்பைப் படித்தே ஷேக்ஸ்பியர் நாடகம் அமைத்தார். கனவாயிருந்தது நனவாகவும், நனவு அரங்காகவும் வளர்ந்த வளர்ச்சி இது. அவ்வளர்ச்சியின் ஊடே மெய்யான வரலாறு வேறொன்றும் நடந்தது. ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் 1590இல் தம் மனைவியுடன் கடல் கடந்து மீளுங்கால் எழுந்த புயலைச் சூனியத்தால் எழுந்தது என்று நம்பி, வடபெரிக் என்னும் ஊர்ப்புறத்து மகளிர் பலரைப் பிடித்து உசாவச் செய்தார். தாமே உடனிருந்தும் வினவினார். பலர் வதைக்கப்பட்டனர், கொல்லவும்பட்டனர். 1597இல் பேயியல் பற்றி அவரே நூலும் எழுதினார். அவர் இங்கிலாந்துக்கும் மன்னரானபின் 1604இல் சூனியத் தண்டச் சட்டம் கடுமையாயிற்று. அதற்குச் சில ஆண்டு கழித்தே மாக்பெத் அரங்கேறியது. சூனியக்காரியர் என்று குற்றஞ்சாட்டப்பட்டோர் வரலாற்றில் பல்லாயிரவர் என்பதை நினைவில் கொண்டு சிலம்புக்கு வருவோம்.

மாக்பெத்தின் கிழவியரைப் போலத் தனிவழியில் ஒருவனை எதிர்ப்பட்டு மயக்கும் உருவம் சிலம்பிலும் உண்டு. காடுகாண் காதையில், நீர் வேட்கையால் பொய்கைக் கரை சென்ற கோவலன் முன், அக்கானத்துத் தெய்வம் ஒன்று மாதவியின் தோழி வசந்தமாலையின் உருக்கொண்டு தோன்றுகின்றது. அடிவீழ்ந்து அழுது, மாதவி தன்னைச் சினந்து நீக்கிய கதையைக் கூறுகின்றது. கோவலனின் உள்ளத்தில் ஆறாத புண் எதுவோ அதையே அது தொட்டது. இக்காட்டில் மயக்கும் தெய்வம் உண்டு என்று மாங்காட்டு மறையோன் கூறியதை நினைந்த கோவலன், கொற்றவைக்குரிய மந்திரத்தை ஓதி அதனைச் சோதிக்கின்றான். தெய்வம் தன்னை இன்னதென ஒப்புக்கொண்டு, கண்ணகிக்கும் கவுந்திக்கும் தன் செயலைக் கூறாதே என வேண்டி மறைகின்றது. அவன் நீர் கொண்டு மனைவியின் தளர்ச்சி தீர்க்கச் செல்கின்றான்.

இந்நிகழ்ச்சி கதைப்போக்குக்கு வேண்டாதது என்பாருண்டு. ஒருவகையில் மெய்யே, இதனை நீக்கினும் கதை நிற்கும். ஆயினும் இளங்கோவடிகள் இதனை வைத்ததன் பயன் நாடகவழியில் பெரிது. இயற்கை இறந்த மயக்கம் ஒன்று கோவலனை நாடி வந்தது, அவன் அதனை வென்றான் என்பது நம் மனத்தில் பதிகின்றது. மாக்பெத் தோற்ற இடத்தில் கோவலன் தோற்றிலன். பாங்கோ நண்பனை எச்சரித்தான், அவன் கேட்டிலன். மறையோன் எச்சரித்தான், கோவலன் கேட்டான். இனி மதுரையில் அவனை வீழ்த்தப்போவது பேயாயிருத்தல் இயலாது.

அடுத்து வருபவள் சாலினி. வேட்டுவ வரியில் எயினர் மன்றத்து நடுவே மெய்ம்மயிர் சிலிர்த்து, கைகளை உயர்த்தி, தெய்வமுற்று ஆடுபவள். கொற்றவைக்குரிய கடன் செலுத்தாமையால் மறவர் வில்வளம் குன்றியது என்று முதலில் தன் ஊராரை இடித்துரைக்கின்றாள். பின்னரே கண்ணகியைச் சுட்டிப் புகழ்கின்றாள். கொங்கு நாட்டுச் செல்வி என்றும் குடமலைக்கு உரியவள் என்றும் அவள் போற்றும் பெயர்கள் வஞ்சிக் காண்டத்தை முன்னரே காட்டி நிற்பன. இச்சாலினியை மாக்பெத்தின் கிழவியரோடு ஒப்பிட்டு எழுதுவது ஒரு வழக்காகிவிட்டது. எம் கருத்தில் அவ்வொப்பீடு பிழை. கொங்கு நாட்டிற் பிறந்து வளர்ந்தவர்க்கு இப்பிழை எளிதில் விளங்கும்.

காங்கயம், தாராபுரம் வட்டாரத்துச் சிற்றூர்களில் உடுக்கைப் பாட்டாக அண்ணன்மார் கதை பாடப்படுவதை யாம் இளமைமுதல் கேட்டுள்ளோம். பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தார்க்குப் பதினாறு ஆண்டே வாழ்நாள் எனப் பிறப்பிலேயே வரையறுக்கப்பட்ட துன்பக் கதை அது. பிரெண்டா பெக் அம்மையார் 1960களில் கொங்கில் தங்கி அதனை ஒலிப்பதிவு செய்து, 1982இல் ஆய்வு நூலாக வெளியிட்டார். அண்ணன்மார் படுகளத்தில் வீழும் பகுதி வருங்கால் உடுக்கையின் நடை மாறும். கேட்டிருப்போருள் சிலர்க்கு அருள் வந்துவிடும். ஆடி ஆடி உணர்விழந்து நிலத்தில் வீழ்வர். படுகள விழா எடுக்கும் இடங்களில் வீழ்ந்தாரை வரிசையாகக் கிடத்தி, வெண்டுகில் போர்த்தி, பின்னர்ப் புனித நீர் தெளித்து எழுப்புவர். கதையில் தங்காள், பெரியகாண்டி அருளால் தமையன்மாரைச் சிறுபொழுது எழுப்புகின்றாள். தம் காலம் முடிந்தது என்று கூறி அவர்கள் மீண்டும் மாய்கின்றனர். எழுப்பப்பட்ட ஊரார் எழுந்து, நீர் வாங்கிக் குடித்து, இல்லம் செல்கின்றனர். மேலைநாட்டு அரங்கில் பேய் மேடைமேல் தோன்றும். ஈங்கோ அருள் கேட்போர்மேல் இறங்குகின்றது.

இதனைக் கண்ணாற் கண்டவர் சாலினியைச் சூனியக்காரி எனத் துணியார். அவள் ஊர் நடுவில், ஊரார் அனைவரும் கேட்ப, ஊரின் கடனை நினைவூட்டுபவள். தேவராட்டி என்பதே அவட்குரிய சொல். சூனியமோ மறைவில் செய்வது. நம் ஊரில் ஏவல், பில்லி, செய்வினை என்று குரல் தாழ்த்திப் பேசப்படுவது அது. மாக்பெத்தின் கிழவியர் ஆளற்ற வெளியில் எதிர்ப்பட்டு, அவன் நெஞ்சில் மறைவாய்க் கிடந்ததை அவனுக்கே உரைத்தனர். சாலினி கண்ணகியின் நெஞ்சைத் தொடவும் இல்லை. புகழ்மொழி கேட்ட கண்ணகி, முதியவள் மயங்கிப் பேசினாள் என்று கூறி, நாணிக் கணவன் பின்னே புன்முறுவலோடு ஒதுங்குகின்றாள். புகாரில் தேவந்தி, சோமகுண்டம் சூரியகுண்டம் என்னும் பொய்கைகளில் ஆடிக் காமவேளைத் தொழுதால் கணவனைப் பெறலாம் என்றபோதும் அது பெருமையன்று என ஒரே சொல்லில் மறுத்தவள் அவள். தன்னைத் தேடி வந்த தெய்வ வாக்கை இருமுறை ஒதுக்கிய தலைவி இவள். இவளை ஊழின் கைப்பாவை என்பார் நூலை எங்ஙனம் பயின்றனர் என்பது எமக்கு விளங்கவில்லை.

சிலம்புக்குப் பேருரை கண்ட அடியார்க்குநல்லார் ஊராகிய நிரம்பை, கொங்கில் பெருந்துறைக்கு அணித்தது எனக் கொங்கு வரலாற்றாளர் கொள்வர். பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத் தமிழ்நூல் முதலியவற்றை ஆண்டு உரை வகுத்த அப்பெரியார் ஆடலும் அருளும் நன்கறிந்தவர். வஞ்சிக் காண்டத்துக்கு அவருரை கிடையாதது நமக்குப் பேரிழப்பு.

புகார் நகரத்துப் பூதச் சதுக்கம் நம் ஆய்வுக்கு மிக வேண்டுவது. பொய்க்கரி கூறுவோரையும் பிற தீயோரையும் கயிற்றாற் பிணித்துப் புடைத்து உண்ணும் பூதம் ஆண்டு உறைந்தது. அடைக்கலக் காதையில் மாடலன் ஒரு செய்தி கூறுகின்றான். பத்தினி ஒருத்திமீது அவள் கணவனிடம் பொய்ச்சான்று உரைத்த ஒருவனைப் பூதம் பிணித்தது. அவன் தாயின் துயர் கண்டு பொறாத கோவலன், அவனை விடுத்துத் தன்னுயிர் கொள்க என அப்பாசத்துள் தானே புகுந்து வேண்டினான். பூதம் உடன்படவில்லை, நல்லுயிர் கொண்டு தீயவனை விடுதல் இல்லை என்று பொய்யனையே உண்டது. கோவலன் அவன் சுற்றத்தாரைப் பல்லாண்டு புரந்தான்.

மதுரைக்கு வந்த மறுநாளே பொய்ச்சான்றால் மாளப்போகின்றவன் வரலாற்றில் இந்நிகழ்ச்சியை வைத்தது தற்செயலன்று. புகாரில் பொய்க்கரிக்குப் பூதம் உண்டு. மதுரையில் அத்தகைய பூதம் எதனையும் நூல் காட்டவில்லை. அங்கே அரசனும் காவலரும் உளர். இயற்கை இறந்த ஆற்றல் கதையை நடத்துவதாயின், அது வரவேண்டிய இடம் பொற்கொல்லன் வாய் திறந்த அக்கணமே. அது வரவில்லை. அவ்வெற்றிடத்தில் ஒரு மாந்தன் பேசுகின்றான்.

அவன் பேசியது யாது? அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் அவனே. அவன் மன்னனிடம் சென்று கூறும் முதற் கூற்றை ஊன்றி நோக்குக. கன்னக்கோலும் கவைக்கோலும் இன்றி, மந்திரமே துணையாக, வாயில் காவலரைத் துயிலில் ஆழ்த்திச் சிலம்பு கவர்ந்த கள்வன் தன் குடிலில் இருக்கின்றான் என்கின்றான். அரண்மனையில் சுவர் துளைக்கப்படவில்லை, கருவி கிடைக்கவில்லை, காவலர் எவரும் எவரையும் கண்டிலர். இவையெல்லாம் அயலான் எவனும் புகவில்லை என்பதற்குச் சான்றுகள். அவற்றையே பொற்கொல்லன் ஒரு சொல்லால் புரட்டிவிட்டான். தடயம் இல்லாமையே மந்திரத்துக்குத் தடயமாயிற்று. அரசியின் ஊடலால் நெஞ்சம் கலங்கியிருந்த மன்னன் ஒரு வினாவும் வினவினான் அல்லன்.

இரண்டாம் கூற்று காவலரிடம் நிகழ்வது. கோவலனை நேரிற் கண்ட காவலர், இவன் தோற்றம் கள்வன் தோற்றமன்று என்கின்றனர். கண்ணாற் கண்டதை நம்பும் இயல்பான அறிவு அவரிடம் இருந்தது. பொற்கொல்லன் நகைத்து, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர்க்குத் துணை எட்டு என்று அடுக்குகின்றான். மந்திரம் ஓதின் அவர் நம் கண்ணுக்குப் புலப்படார்; தெய்வத்தை உள்ளினால் கைப்பொருளைக் காட்டியும் தப்புவர்; மருந்தால் மயக்கின் நாம் இருந்த இடம் பெயரவும் ஒல்லாது என்று ஒவ்வொன்றையும் விரிக்கின்றான். முன்னொரு நாள் தூதுவன் கோலத்தில் வந்து இளவரசன் ஆரத்தைக் கவர்ந்து மறைந்த கள்வன் கதையையும் சேர்க்கின்றான். களவு நூற் செய்தி என்று நாம் கடந்து சென்ற பகுதி இதுவே.

அடிகள் தம் பல்துறை அறிவைக் காட்டவே இதனை விரித்தார் என்பது பொருந்தாது. அரங்கேற்று காதையில் இசை நூல் விரிந்தது ஆடலின் பொருட்டு. ஈண்டுக் களவு நூல் விரிந்தது கொலையின் பொருட்டு. கேட்போர் உள்ளத்தில் இச்சொற்கள் வேலை செய்வதை அடிகள் படிப்படியாகக் காட்டுகின்றார். காவலருள் இளையன் ஒருவன், கார்கால இருள் நள்ளிரவில் தானே கண்ட கள்வன் ஒருவனைப் பற்றிச் சொல்லத் தொடங்குகின்றான். உருவிய வாளைத் தன் கையினின்று பறித்துக்கொண்டு அவன் மறைந்தானாம். பின்னர்க் காணவே இல்லையாம். பொற்கொல்லன் விதைத்தது அவ்விளைஞனின் பழைய அச்சத்தில் முளைத்தது. இனி நாம் செய்யாவிடின் அரசன் ஒறுப்பான் என்ற அச்சமும் உடன் சேர்கின்றது. அந்நேரத்தில், கல்லாத கள்ளுண்ட ஒருவன் வாளை வீசிவிடுகின்றான். ஐயுற்றவர் பலர் நின்ற கூட்டத்தில் ஐயமே இல்லாதவன் அவன் ஒருவன்.

கோவலன் இக்கதை முழுவதிலும் பேயை ஓட்ட ஒரே ஒருமுறை மந்திரம் ஓதினான். அது அவனைக் காத்தது. அவன் ஓதாத மந்திரம் ஒன்று அவனைக் கொன்றது.

சேலத்தில் நடந்ததை ஈண்டு நினைவுகூர்தல் தகும். நம் கொங்குச் சேலமன்று. அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் பகுதியில் அப்பெயருடைய சிற்றூர். 1692இல் அங்குச் சூனிய வழக்கில் பத்தொன்பதின்மர் தூக்கிலிடப்பட்டனர். ஒருவர் கல்லேற்றி நசுக்கப்பட்டார். அவ்வழக்குகளில் பெரிதும் எடுபட்டது உருவச் சான்று. குற்றஞ்சாட்டப்பட்டவள் வீட்டில் உறங்கியிருப்பினும், அவளுடைய ஆவியுருவம் வந்து தன்னைத் துன்புறுத்தியதாக ஒருவர் சொன்னால் போதும். சொன்னவரைத் தவிர எவரும் அவ்வுருவைக் கண்டிலர். ஆதலின் மறுக்கவும் எவராலும் இயலாது. அடுத்த ஆண்டு அமைந்த புதிய நீதிமன்றம் அச்சான்றை ஒதுக்கியதும் வழக்குகள் தாமே தளர்ந்தன. பொற்கொல்லன் எட்டுத் துணையும் இத்தகைய சான்றே. ஆர்தர் மில்லர் 1953இல் அச்சேல வழக்கை நாடகமாக்கியபோது மேடையில் சூனியத்தைக் காட்டவில்லை. குற்றஞ்சாட்டும் சிறுமியரையும் கேட்டு நம்பும் நீதிபதியரையுமே காட்டினார். இத்துறையில் அவர்க்கு முன்னோர் நம் அடிகள் எனத் துணிந்து கூறுவோம். இது பழங்கதையுமன்று. நம் நாட்டில் பீகார் 1999இலும், ஜார்க்கண்ட் 2001இலும், அசாம் 2015இலும் சூனியக்காரி எனப் பழிசுமத்தி வதைப்பதைத் தடுக்கத் தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

இதற்கு எதிர்முனையில் நிற்பது வழக்குரை காதை. கண்ணகியிடம் இயற்கை இறந்த சான்று ஒன்று இருந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஆயர் சேரியில் அவள் கதிரவனை நோக்கி என் கணவன் கள்வனோ என வினவ, கள்வன் அல்லன் என்ற குரல் பிறந்தது. பின்னர் வெட்டுண்டு கிடந்த கோவலன் எழுந்து அவள் கண்ணீர் துடைத்து மறைந்தான். தங்காள் தமையன்மாரை எழுப்பிய காட்சியைக் கேட்டுப் பழகிய கொங்கு நாட்டார்க்கு இதன் துயரம் நன்கு விளங்கும். இவ்விரண்டையும் நெஞ்சில் தாங்கியே அவள் அரண்மனை வாயிலை அடைந்தாள். ஆயினும் மன்னன் முன் இவற்றுள் ஒன்றையும் கூறினாள் அல்லள். கதிரவனைச் சான்றழைக்கவில்லை, கனவைக் கூறவில்லை. என் காற்சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். மன்னன் தன் தேவி சிலம்பின் பரல் முத்து என்றான். சிலம்பு உடைந்தது, மணி தெறித்தது. அவையோர் அனைவரும் கண்ணாற் கண்டனர். மந்திரம் என்ற சொல்லால் தோன்றிய வழக்கு ஒரு மணியின் நிறத்தால் தீர்ந்தது. எரி அதன் பின்னரே வருகின்றது. வழக்கின் தீர்ப்பில் எரிக்குப் பங்கில்லை.

இனி ஊழ். மதுராபதித் தெய்வம் கண்ணகியின் பின்புறமாக வந்து பழம்பிறப்பு உரைக்கின்றது. தடை கூறுவார் தம் கட்சிக்கு இதனையே பெரிதும் பற்றுவர். அத்தெய்வம் கூறும் கதையை உற்று நோக்கினாரோ என்பது எம் ஐயம். கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் அணிகலன் விற்க வந்த சங்கமன் என்னும் வணிகனை, ஒற்றன் என்று பொய்யாகக் காட்டி அரசனாற் கொல்வித்தான் பரதன், அவனே கோவலனாயினான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து சாபமிட்டு உயிர்விட்டாள். அணிகலன் விற்க வந்த அயலான், பொய்க்குற்றம், ஆராயா மன்னன், தனித்த மனைவி. ஊழ் என்று தெய்வம் விளக்கிய அதுவும் மற்றொரு பொற்கொல்லன் கதையே. முற்பிறப்பைத் தோண்டினும் அடியில் பேய் இல்லை. பழி தூற்றும் ஒருவனும் அதனை நம்பும் மன்னனும் உளர். (பிற்காலத்துப் பழையனூர்க் கதையில் நீலி என்னும் பெயர் பேய்க்கு ஏறியது. கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி, அவைமுன் மனைவி வேடம் புனைந்து, வணிகனைக் கொல்வித்தாள் அவள். வாக்களித்த எழுபது வேளாளரும் தீப்புகுந்தனர். பொய்ச்சான்று கூறுவோன் மாந்தனாயிருந்த கதை ஒன்று. பேயாயிருந்த கதை மற்றொன்று. மக்கள் நாவில் நீலிக்கண்ணீர் என நிலைத்தது இரண்டாவதே. பெண்மேல் பழியேற்றுதல் எளிது போலும்.)

தெய்வம் இவ்வளவும் கூறியது கொலை நிகழ்ந்து, வழக்கு முடிந்து, மன்னனும் தேவியும் மாண்டு, நகரும் எரிந்த பின்னரே. முன்னர்க் கூறியிருந்தால் தடுத்திருக்கலாம். விளக்கம் மட்டும் காலந்தாழ்த்து வந்தது. கேட்ட கண்ணகி ஆறுதல் எய்தியதாக அடிகள் பாடவில்லை. கணவனைக் காணுமளவும் இருத்தலும் நிற்றலும் இல்லை என்று கூறி நடக்கின்றாள். எயினர் மன்றத்தில் சாலினி எந்தத் தெய்வத்தின் பெயரால் அவளைப் புகழ்ந்தாளோ, காட்டில் கோவலன் எந்தத் தெய்வத்தின் மந்திரம் ஓதி மயக்கம் தீர்ந்தானோ, அந்தக் கொற்றவையின் கோயில் வாயிலில் தன் கைவளைகளை உடைத்துவிட்டு, கணவனோடு கிழக்கு வாயிலால் புகுந்த ஊரினின்று மேற்கு வாயிலால் தனியே வெளியேறுகின்றாள்.